மேஸ்திரி தலையாட்டிக் கட்டிய வீடு

ஒரு நாள் விடிகாலையில் மேஸ்திரி இடது பக்கம் புரண்டு படுத்தார். கூரை கிறுகிறுவென்று சுற்றியது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "எந்திரி, வீடு சாயுது" என்று மனைவியை எழுப்பினார். அந்த அம்மாள் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க கட்டினதுதானே, சாயாது. படுங்க" என்றாள்.

முப்பது வருடமாகச் சாரத்தில் நின்று செங்கல் அடுக்கியவர் அவர். அன்றிலிருந்து குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்காம் நாள் மனைவி அவரைப் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அழைத்துப்போனாள். அந்தப் பெண் அவரை உட்காரவைத்து, தலையைத் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்களை உற்றுப் பார்த்தாள்.

"காதுக்குள்ள பொடிக்கல்லு நழுவி, இருக்கக் கூடாத குழாய்க்குள்ள போயிடுச்சு. அதான் சுத்துது."

"வாழ்நாள் பூரா கல்லு வைக்கிறவன் நான். என் காதுல யாரும்மா வச்சது?"

"எல்லார் காதுலயும் இருக்குங்க. உங்களோடது இடம் மாறிடுச்சு."

இடம் மாறிய கல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக அவர் தலையை வலப்புறம் திருப்பினாள், குப்புற உருட்டினாள், எழுப்பி உட்காரவைத்தாள். மேஸ்திரி வாளியில் வாந்தி எடுத்தார். மூன்று தடவை இப்படிச் செய்ததும் சுற்றல் நின்றது. ஆனால் நடந்தால் படகில் நிற்பது போலிருந்தது. அதற்குப் பயிற்சி கொடுத்தாள்.

"கட்டை விரலைக் கண்ணுக்கு நேரா நீட்டுங்க. பார்வை விரல்லயே இருக்கணும், தலை மட்டும் இடமும் வலமுமா ஆடணும். ஒரு நிமிஷம். நடுவுல பேசவோ நிறுத்தவோ கூடாது. ஒரு நாளைக்கு மூணு வேளை. அடுத்த வாரம் மேலும் கீழும் ஆட்டுங்க."

அப்போது அவர் கையில் இருந்தது வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் வீடு. தலை சுற்றுகிறது என்று அவர்களிடம் மூச்சு விடவில்லை. கிறுகிறுக்கிற கொத்தனாரிடம் யார் சுவரை ஒப்படைப்பார்கள்? சாரத்தில் வேறொருவரை ஏற்றிவிட்டு, தான் கீழே நின்றுகொண்டார். பத்து மணிக்குச் சுவர் முன்னால் விரலை நீட்டித் தலையை ஆட்டத் தொடங்கினார். வீட்டுக்காரரும் சரியாகப் பத்து மணிக்குத்தான் வரைபடத்தோடு வருவார்.

"மேஸ்திரி, சமையலறை ஜன்னல் இங்க வரட்டுமா?"

தலை இடமும் வலமும் ஆடியது. நீட்டிய விரலைப் பார்த்தால் ஏதோ அளப்பதுபோல் இருந்தது. வீட்டுக்காரர் ரப்பரை எடுத்து ஜன்னலை அழித்தார்.

"அந்தப் பக்கம்?"

அதுவும் அழிந்தது. நிமிடம் முடிந்ததும் மேஸ்திரி பதறிப்போய், "ஜன்னல் இல்லாம புகை எங்க சார் போகும்?" என்றார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பேசுறீங்க. உங்க தலை உண்மையச் சொல்லிடுச்சு" என்றார் வீட்டுக்காரர். சனிக்கிழமைக்குள் முன்வாசல் கூரையும் பரணும்கூடப் போய்விட்டன.

அடுத்த வாரம் வீட்டுக்கார அம்மா புது வரைபடத்தோடு வந்தார். மேஸ்திரியின் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சமையலறைக்கு மூணு ஜன்னல்?"

ஆடியது.

"மாடிக்கு உள்ள ஒரு படிக்கட்டு, வெளிய ஒண்ணு?"

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே மேஸ்திரி ஆட்டினார்.

"போன வாரம் எல்லாத்தையும் வேண்டாம்னாரே" என்றார் கணவர்.

"அது உங்ககிட்ட சொன்னது. இது என்கிட்ட சொல்றது."

அன்றிரவு மேஸ்திரி மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். "உண்மையச் சொன்னா வேலை போயிடும்" என்றார். "சொல்லாட்டி அவங்க வீடு போயிடும்" என்றாள் மனைவி.

மறுநாள் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, காதுக் கல்லிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க தலையே சொல்லிடுச்சுன்னு நானும் ஒத்துக்கிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே பேச்சுல நிக்கிறது இதுதான் முதல் தடவை. நீங்க கட்டுங்க."

மேஸ்திரி கட்டினார். மூன்று ஜன்னல்களையும் இரண்டு படிக்கட்டுகளையும் கடைசியில் அவரே சாரம் ஏறிப் பூசி முடித்தார்.

சிகிச்சையின் கடைசி நாளில் அந்தப் பெண் அவரைக் கோட்டின் மேல் நடக்கவிட்டாள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சிகிச்சை முடிந்தது என்று சீட்டில் கையெழுத்துப் போடப் போனவளிடம் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "அம்மா, உங்க கதவு நிலை சாஞ்சிருக்கு."

பேனா நின்றது. "எப்பலேர்ந்து இப்படித் தெரியுது?" என்று கேட்டு, மறுபடி அவரைப் படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தாள். கண்களில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது தடவையும் பார்த்தாள். மேஸ்திரி பொறுமையாகப் படுத்திருந்தார். பிறகு எழுந்து, தன் பையிலிருந்து சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து நிலையோடு சேர்த்துப் பிடித்தார். குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது.

அவள் குனிந்து குமிழியைப் பார்த்தாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா இதை நேர்க்கோடா வச்சுப் பார்க்கச் சொல்லித்தான் எல்லாருக்கும் பேலன்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.