மூணு புள்ளி பூஜ்யம் அஞ்சு

மஹ்ஜபீனுக்கு யார்மேலும் எளிதில் மரியாதை வந்துவிடாது. பாலக்கரையில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, பதினாறு வருடமாகத் துவாக்குடியில் இயந்திரங்களுக்கான புரோகிராம் எழுதிவருகிறவள். கணவர் நவ்ஷாத் சவூதியில் தம்மாமிலிருந்து போன் பண்ணும்போது, "இன்னிக்காச்சும் யாரையாவது பாராட்டினியா?" என்று கேட்டுச் சிரிப்பார். அரவிந்தன் மேனேஜராக வந்தபின் அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

அரவிந்தன் ஸ்ரீரங்கத்தில் காவிரியைப் பார்த்தாற்போல் ஃபிளாட் வாங்கியிருந்தார். மீட்டிங்கில் அழகாகப் பேசுவார். வேறெதையும் அழகாகச் செய்து அவள் பார்த்ததில்லை.

அவர்கள் கம்பெனி செய்தது, இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் மெஷின்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. மெஷினின் மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் உள்ள இடைவெளியை நொடிக்கு ஆயிரம் முறை அளந்து சரிசெய்யும் வேலை, லினக்ஸ் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடியது. அங்கே ஒரு சங்கடம். கெர்னலின் அச்சிடும் கட்டளைக்குத் தசம எண்ணை எழுதத் தெரியாது. முழு எண்தான் தெரியும்.

"எண்ணை அப்படியே வெளிய அனுப்பிடலாம் சார். புள்ளி வச்சு எழுதுறத வெளிய இருக்குற புரோகிராம் பாத்துக்கட்டும்" என்றாள் மஹ்ஜபீன்.

"ஒரு புள்ளி வைக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நானே எழுதிடறேன். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிடத்தில் எழுதியும் விட்டார். ஒருமுறை பார்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். தேவையில்லை என்றார். பெட்டி வாடிக்கையாளர் பீமராவின் பட்டறைக்குப் போயிற்று.

மூன்றாம் வாரம் பீமராவ் போன் செய்தார். பிரஸ்ஸின் இடைவெளி 3.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபரேட்டர் மெஷினை நிறுத்த வேண்டும். பெட்டி எழுதிவைத்த பதிவிலோ 3.5, 3.8 என்று வரிசையாக விழுந்திருந்தது. ஆபரேட்டர் வெள்ளைச்சாமி ஒருமுறைகூட நிறுத்தவில்லை. கவனக்குறைவு என்று எழுதி வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். "உங்க பொட்டி ஆளக் காட்டிக் குடுத்துருச்சு" என்று பீமராவ் சொன்னதை அரவிந்தன் ஆபீஸ் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மஹ்ஜபீனுக்கு உறுத்தியது. இடைவெளி அவ்வளவு கூடியிருந்தால் தகடுகள் வீணாகியிருக்க வேண்டுமே? நம்பர் வாங்கி, மணப்பாறையில் இருந்த வெள்ளைச்சாமியை அழைத்தாள்.

"அண்ணே, நீங்க கையால அளந்தீங்களா?"

"மணிக்கு ஒருதரம் கேஜ் வச்சுப் பாத்தேம்மா. மூணு புள்ளி ரெண்டத் தாண்டவேயில்ல. இருபத்திரெண்டு வருஷமா பிரஸ்ல நிக்கிறேன். பொட்டி பொய் சொல்லுமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."

அவள் பதிவை எடுத்துப் படித்தாள். 3.12, 3.5, 3.11, 3.8. மூன்று வாரத்தில் 3.01 முதல் 3.09 வரை ஒரு எண்கூட இல்லை. அரவிந்தன் எழுதியதைத் திறந்தாள். முழு எண்ணை எழுதி, புள்ளி வைத்து, மிச்சத்தை எழுதியிருந்தார். 3.05இல் மிச்சம் நூறில் ஐந்து. அந்த ஐந்துக்கு முன்னால் பூஜ்யம் வேண்டும் என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"இது மூணு புள்ளி அஞ்சு இல்ல சார். மூணு புள்ளி பூஜ்யம் அஞ்சு."

அரவிந்தன் திரையைப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். "டிஸ்ப்ளேதானே? மெஷின் ஒழுங்காத்தானே ஓடிச்சு? அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரிபண்ணிடுங்க."

"மெஷினும் ஒழுங்கு, அந்த ஆளும் ஒழுங்கு. நீங்க எழுதின நாலு வரிதான் ஒழுங்கில்ல. பீமராவுக்கு லெட்டர் போடுங்க. அதுவரைக்கும் நான் எதையும் சரிபண்ண மாட்டேன்."

"கம்பெனி பேரு என்னாகும்?"

"வெள்ளைச்சாமி பேரு என்னாச்சு சார்?"

'தசம வடிவமைப்பில் சிறு மாறுபாடு' என்று அரவிந்தன் ஒரு கடிதம் எழுதி எடுத்துவந்தார். அதை அடித்துவிட்டு, 'எங்கள் பதிவு தவறு. ஆபரேட்டர்மேல் எந்தத் தவறும் இல்லை' என்று அவளே எழுதி நீட்டினாள். நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

பீமராவ் வெள்ளைச்சாமியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். வெள்ளைச்சாமி வந்தார். அந்தக் கடிதத்தைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் படிக்கும்படி பீமராவிடம் கேட்டார். படித்து முடித்ததும், "போயிட்டு வரேங்க" என்று கிளம்பி, அரியமங்கலத்தில் வேறொரு பட்டறையில் சேர்ந்துகொண்டார். அதைக் கேட்டபோது மஹ்ஜபீனுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

எண்ணை அப்படியே வெளியே அனுப்பும்படி கெர்னல் பகுதியை அவள் மாற்றி எழுதினாள். அடுத்த மீட்டிங்கில் அரவிந்தன் அதைத் தன் யோசனையாகவே விளக்கினார். "சரிதானே மஹ்ஜபீன்?" என்று நடுவில் கேட்கவும் செய்தார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.