போட்டோவில் இருந்த வெள்ளைக்காரி

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலைக்குச் சேரப் போன முதல் நாளே, கேட்டில் வாட்ச்மேன் என்னைத் தடுத்துவிட்டார். நான் நீட்டிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வேற யாரு போட்டோவையோ எடுத்துக்கினு வந்துக்கிற?"

அப்போதுதான் நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். மாவில் புரட்டி எடுத்தது போல ஒரு முகம். என் கன்னத்து மச்சத்தைக்கூடக் காணோம்.

பஸ் பிடித்து, போட்டோ எடுத்த புதுவாயல் ஸ்டுடியோவுக்கே திரும்பினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "எல்லாருக்கும் கேக்காமலே கலரு ஏத்திதாம்மா குடுப்பேன். உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஏத்த வேண்டியதாப் போச்சு."

"என் மூஞ்சி எப்டிக்கீதோ அப்டியே குடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மறுபடி கம்பெனிக்குப் போய் அதை நீட்டியதும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் அந்த வெள்ளைப் படங்களைக் கிழிக்கப் போனேன். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிக்காதடி! மாப்ள ஊட்டுக்கு அனுப்ப இதான் நல்லாக்கீது."

அன்றுதான் என்னை முதல்முறையாகப் பார்த்த வாட்ச்மேனுக்கே அது நான் இல்லை என்று தெரிந்தது. என்னைப் பெற்றவளோ, அதை முந்தானையால் துடைத்துப் பீரோவில் பத்திரமாக வைத்தாள்.