அப்பாவின் குரலும் ஒரு கரப்பான் பெட்டியும்

என் தம்பியை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. கூடப் பிறந்தவனை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறான். தெருவில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். கேலிக்கு வைத்ததை அவன் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அலறும் மணி ஒன்று செய்தான். காக்கை உட்கார்ந்தாலும் அது அலறியது. போனில் தட்டினால் எரியும் விளக்கைக் குளியலறையில் மாட்டினான். இன்டர்நெட் போன நாளில் அப்பா சோப்பு நுரையோடு இருட்டில் நின்றார். "சின்னக் கோளாறுதான்பா" என்றான். அந்தச் சின்னக் கோளாறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு சர்வர் வந்தது. ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுப் படம், வீடியோ எல்லாவற்றையும் இனி இதில்தான் சேர்த்துவைக்கப்போவதாகச் சொன்னான். மூடியைக் கழற்றியதும் கரப்பான்கள் குடும்பத்தோடு சாப்பாட்டு மேசையில் ஓடின. உள்ளே ஒட்டியிருந்த முட்டைகளை டூத் பிரஷால் சுரண்டினான். சுரண்டிய பிரஷைக் கொண்டுபோய்க் குளியலறைக் குவளையில், எல்லார் பிரஷோடும் சேர்த்துச் செருகினான். என் கண்ணால் பார்த்தேன். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன்!

பெட்டியை அப்பாவின் அறை அலமாரியில் வைத்தான். இராப்பகலாக இரைந்துகொண்டே இருந்தது. "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்குக்கா. ஒண்ணுல என்ன செஞ்சாலும் இன்னொண்ணுலயும் தானா அப்படியே நடக்கும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும்ல?" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். முன்னால் நின்று ஒரு அதட்டல் போட்டால், பின்படிக்கட்டில் தொங்குகிறவன் உள்ளே ஏறிவிடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அதன்பிறகு பேச்சு வராது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் ஒரு வழி சொன்னாள். அன்றாடம் வேண்டியதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே பேசிப் பதிந்துகொண்டால், பிறகு போனில் பட்டனைத் தொட்டதும் அவர் குரலே பேசும்.

வலியோடு, வெந்நீர் குடித்துக் குடித்து அப்பா பேசினார். "தண்ணி குடு." "யாரது வாசல்ல?" "வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு." என் மகளின் பெயரைக் கொஞ்சலாக ஒரு தரம், அதட்டலாக ஒரு தரம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுடா" என்றேன்.

"பென் டிரைவா? அதையெல்லாம் நம்பவே கூடாதுக்கா. சர்வர்ல கல்லு மாதிரி இருக்கும்." அப்பாவின் போனில் இடத்தை அடைக்கிறது என்று அதிலிருந்ததையும் அழித்தான். பட்டனைத் தொட்டால் போன் சர்வரிலிருந்து எடுத்துப் பேசும் என்றான்.

ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்துக் கட்டோடு கட்டிலில் சாய்ந்து, ஆசையாக ஒரு பட்டனைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. அடுத்ததைத் தொட்டார். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சினிமா ஏற்றிவைக்க இடம் போதவில்லையாம் துரைக்கு. இரண்டாவது டிஸ்க்கைத் திறந்திருக்கிறான். முதலாவதில் இருந்ததே இதிலும் இருந்தது. ஒரே சரக்கு இரண்டு தரம் எதற்கு என்று அங்கே அழித்தான். முதலாவதிலும் தானாக அழிந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி! பழைய வீடியோக்களும் அதோடு போயின. டிஸ்க்கைப் பார்த்த கம்ப்யூட்டர் கடைக்காரர், "அழிச்ச இடத்து மேலயே சினிமாவை ஏத்தியிருக்காரும்மா. ஒண்ணும் தேறாது" என்று கையை விரித்துவிட்டார்.

அப்பாவின் குரல் என் போனில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. தம்பிக்கு அனுப்புவதாக நினைத்து அவர் எப்போதோ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அதை மட்டும் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அப்பா டம்ளரைக் கட்டிலில் தட்டுகிறார்.

நேற்று தம்பி அவர் காலருகே உட்கார்ந்து தோசைக்கல் போல அசையாத முகத்தோடு என்னிடம் சொன்னான்: "அக்கா, அந்த ஒண்ணையாவது எனக்கு அனுப்பு. சர்வர்ல பத்திரமா போட்டு வைக்கிறேன்."

நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பட்டனைத் தொட்டுவிட்டார்.

"டேய், அந்தச் சனியன் பிடிச்ச பெட்டியை நிறுத்தித் தொலைடா! காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு. மனுஷன் தூங்க வேணாமா?"

கண்டக்டர் குரல். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். தம்பி எழுந்திருக்கவில்லை. அலமாரியில் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அப்பா மறுபடியும் தொட்டார்.