தம்பிக்குத் தீர்ப்பு வந்த நாள்

அந்த சலூனில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்திரியைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும். வந்தவருடைய கழுத்தில் துணியைக் கட்டி முடிப்பதற்குள் மழை, விலைவாசி, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது வரைக்கும் வந்துவிடுவாள். பாதிப் பேர் முடி வெட்ட வருகிறார்கள், மீதிப் பேர் இவள் பேச்சைக் கேட்க வருகிறார்கள் என்று முதலாளியம்மா அலுத்துக்கொள்வார்.

அன்று காலையில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் தம்பியின் வழக்கில் தீர்ப்பு சொல்கிற நாள் அது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் தவழும்போதே அப்பா போய்விட்டார். அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் இவள்தான் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டும்போது இரண்டு திருகாணியை மிச்சம் வைத்த பிள்ளை அவன். "மிச்சம் பிடிக்கத் தெரிஞ்சவன், பொழச்சுக்குவான்" என்று இவள் கேலி செய்வாள். பிழைத்துக்கொள்ளவும் செய்தான். அந்த விபத்து நடக்கும்வரை.

அவன் பராமரித்து வந்த ஒரு கட்டடம். இரண்டாவது மாடியில் லிஃப்ட்டின் கதவு திறந்தது, லிஃப்ட் வந்திருக்கவில்லை. பெயின்ட் டப்பாவோடு பின்பக்கமாக நகர்ந்த ஒரு பெயின்டர், உள்ளே தரை இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை லிஃப்ட்டை ஓட்ட வேண்டாம் என்று தான் வேலை பார்த்த கம்பெனியில் சொன்னதாகத் தம்பி சொன்னான். அவன் அப்படி எதுவுமே சொல்லவில்லை என்றது கம்பெனி. வழக்கு அவன் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் கூடவே போவாள். தீர்ப்பு நாளில் மட்டும் வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"நீ வந்தா நான் உன் மூஞ்சியையே பார்த்துட்டு நிப்பேன்க்கா. ஜட்ஜ் என்ன சொல்றாருன்னு காதுல விழாது. மதியத்துக்கு மேலதான் சொல்வாங்களாம். நானே போன் பண்றேன்."

அம்மாவோ வீட்டில் இருந்து ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்துச்சா?"

"வரலம்மா."

"வந்தா உடனே சொல்லு."

"நீ வச்சாத்தானேம்மா வரும்!"

சலூன் நாற்காலியில் அப்போது வாடிக்கையாக வரும் பெண் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு இவள் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "என்ன ரேடியோ, கரண்ட் போயிடுச்சா?" என்று கண்ணாடி வழியாக அவர் கேட்டதற்கு ஒப்புக்குச் சிரித்தாள். பாதித் தலை முடிந்திருந்தபோது போன் அடித்தது. கையுறையோடே எடுத்தாள்.

"அக்கா... முடிஞ்சிருச்சு."

"என்னடா முடிஞ்சிருச்சு? மதியம்னு சொன்ன? என்ன சொன்னாங்க?"

பின்னால் பெஞ்சு இழுபடும் சத்தம். ஒரு பெண் ஓவென்று கத்தும் சத்தம். போன் நின்றுவிட்டது.

திரும்ப அழைத்தாள், அணைந்திருந்தது. வக்கீலை அழைத்தாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. முடிஞ்சிருச்சு. பரீட்சை முடிந்தாலும் அதே சொல்தான், ஆள் முடிந்துபோனாலும் அதே சொல்தான். அவன் குரல் எப்படி இருந்தது? தழுதழுத்ததா? ஜலதோஷம் பிடித்திருந்தானே, அதுவாக இருக்குமோ? திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில் அந்தக் குரலே மறந்துபோயிற்று. சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வக்கீலை அழைத்தாள்.

"என் நாற்காலியில உட்கார்றவங்க எல்லாரும் இந்த முகத்தோடதான் உட்கார்வாங்க" என்றார் பல் டாக்டர். "பல் போனாக்கூடத் தாங்கிக்குவாங்க, போகுமா இருக்குமான்னு தெரியாத அந்த நேரத்தைத்தான் தாங்க முடியாது. நீ கிளம்பு. மிச்சத் தலையை முதலாளியம்மா பார்த்துக்குவாங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சலூன் ஏப்ரனைக் கழற்றாமல் வந்தது தெரிந்தது. அம்மா அழைத்தாள். "இன்னும் ஆரம்பிக்கலம்மா" என்று கூசாமல் பொய் சொன்னாள். ஒவ்வொரு சிக்னலும் வேண்டுமென்றே சிவப்பாவது போலிருந்தது. ஜெயிலில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தாலே தூக்கம் பிடிக்காதே அவனுக்கு. தலைமாட்டில் துண்டைத் தொங்கவிட விடுவார்களா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

நீதிமன்றத்தில் அந்த அறை காலியாகக் கிடந்தது. வாசலில் நின்ற சிப்பந்தியைப் பிடித்தாள்.

"லிஃப்ட் கேஸாம்மா? அது முடிஞ்சிருச்சே."

"என்னன்னு முடிஞ்சுதுங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கதவைத் திறப்பேன், சாத்துவேன். உள்ள என்ன பேசுறாங்கன்னு கேட்கிறது என் வேலை இல்லை."

"எங்க தம்பி எந்தப் பக்கம் போனான்? நீலச் சட்டை, ஒல்லியா இருப்பான்."

"போலீஸ்காரரோட கீழ இறங்கினாரு."

கீழே இருப்பது காவல் அறை. படிகளில் ஓடி இறங்கினாள்.

திருப்பத்தில், படியிலேயே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயின்டரின் மனைவி. எத்தனையோ வாய்தாக்களில் எதிரெதிர் பெஞ்சில் பார்த்த முகம். ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ரேடியோவின் நெஞ்சில் குப்பென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. இவள் அழுதால் தம்பி தப்பித்தான் என்றுதானே அர்த்தம்? அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவளே சொன்னாள்.

"உங்க தம்பியை விட்டுட்டாங்க. போங்க."

ரேடியோ அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு வேணும்னு பண்ணலைன்னு எனக்கும் தெரியும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா யாரோ ஒருத்தர் பண்ணியிருக்கணும்ல? கதவு தானாவா திறந்துச்சு? உங்க தம்பியும் இல்லைன்னா, அப்ப யாரு?"

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"காலையில நான்தான் ஷேவ் பண்ணிவிட்டேன். தீர்ப்பு வந்தா டிவிக்காரங்க வீட்டுக்கு வந்தாலும் வருவாங்க, நல்லா பண்ணிவிடுன்னாரு."

"முடி வெட்டறது என் தொழில். நான் வேணா வீட்டுக்கு வந்து..."

"வேணாம்." அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "உங்க கை அவர் தலையில படுறதை நான் நின்னு பார்க்கணுமா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

கீழே காவல் அறைக்கு வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் போல.

"இங்க என்னடா பண்ற?"

"கையெழுத்து வாங்கினாங்க. யாராவது வந்து போன்னு சொல்வாங்கன்னு உட்கார்ந்திருக்கேன்."

"நான் அப்பவே சொல்லிட்டேன்மா. எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாரு" என்றார் போலீஸ்காரர்.

"விட்டுட்டாங்கன்னா விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டியா? முடிஞ்சிருச்சாம், கழுதை!" தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அந்தம்மா கத்தினாங்கக்கா. எனக்கு அதுக்கப்புறம் வார்த்தையே வரல. போன்ல சார்ஜும் போயிடுச்சு."

அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது தடவை தம்பியின் வாயால்.

படியில் அந்தப் பெண் கேட்டதை அவனிடம் மறைக்கலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். மறைக்க மனம் வரவில்லை. கேட்டவன் வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சில மாதம் கழித்து பெயின்டரின் மனைவி கம்பெனிமேல் வழக்குப் போட்டாள். தம்பி யாரும் கூப்பிடாமலே அவள் வக்கீலைப் போய்ப் பார்த்தான். "பூட்டைப் பத்தி நான் சொன்னது நிஜம்தானேக்கா. எனக்காகச் சொன்னேன். அவங்களுக்காகவும் சொல்லிட்டு வரேன்." சாட்சி சொன்ன பிறகு எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறான்.

அவன் சாட்சி சொல்லப் போன நாளில் ரேடியோவும் கூடப் போனாள். வரவேண்டாம் என்று இந்த முறை அவன் சொல்லவில்லை. பெயின்டரின் மனைவி இவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.