பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம்

அந்த ஜூன் மாதம் பகலெல்லாம் பட்டினி கிடந்தது அத்தை. பெருமையடித்துக்கொண்டது என் அம்மா. கிணற்றடிக்கு யார் வந்தாலும், "எங்க நாத்தனா மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கா. காத்தால இருட்டோட சாப்பிட்டா, பொழுது உழுந்தாத்தான் பச்சத் தண்ணியே பல்லுல படும்" என்று சொல்லாமல் குடத்தைத் தூக்க விடமாட்டாள். எங்கள் ஊரில் விரதம் என்றால் காபி உண்டு, மோர் உண்டு, கேட்டால் வாழைப்பழமும் உண்டு. எச்சில் விழுங்கவே யோசிக்கிற விரதத்தை யாரும் கண்டதில்லை. அத்தையோ கேட்டவர்களிடம் "ஒரு வேண்டுதல்" என்று மட்டும் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடமே பாம்பு கடித்துப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வீடு ஊரைத் தள்ளிக் காட்டுக்குள் இருந்ததால் விளையாடவும் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அத்தை, அத்தைக்கு நான்.

கடத்தூரில் ஒரு பாயம்மாவிடம் அத்தை தையல் பழகினாள். தனியாக அனுப்பக் கூடாது என்று கோடை விடுமுறையில் என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். பாங்கு சத்தம் கேட்டதும் பாயம்மா ஜாக்கெட்டுக் கையைப் பாதித் தையலில் விட்டுவிட்டு, முகம் கை கால் கழுவிக்கொண்டு மேற்கே பார்த்துத் தொழ நின்றுவிடுவார். அத்தை மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"நடுவுல யாருமே வேணாங்களா? சாமிகிட்ட நேராவே பேசலாங்களா?"

"நேராவே பேசலாம்மா. கழுத்துல தாலி கெடக்குதான்னு பாத்துட்டா அவன் காது குடுப்பான்?"

எங்கள் சொந்தத்தில் நல்ல காரியம் என்றால் அவள் அடுப்படியிலேயே இருப்பாள். தாம்பாளம் வருகிறதென்றால் தானாகவே நகர்ந்துகொள்வாள். அன்றுவரை அதை அவளுடைய கூச்சம் என்றே நான் நினைத்திருந்தேன்.

பிறகு பாயம்மா தங்கள் மார்க்கத்தைப் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் கொடுத்தார். அத்தை அதற்கு முருகன் படம் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டாள். தினமும் சாயங்காலம் அவள் அதைப் படிப்பதைப் பார்த்து அப்பாவுக்கே பக்தி கூடிவிட்டது. "நானும் உங்க மார்க்கத்துக்கே வந்துடறனுங்க" என்று அத்தை சொன்னபோது பாயம்மாதான் தடுத்தார். "அவசரப்படாத. வூட்டு மேல கோவிச்சுக்கிட்டு வரக் கூடாதும்மா. மொதல்ல புரிஞ்சுக்கோ. மனசு ஒப்பணும்."

மனசு ஒப்புகிறதா என்று பார்க்கத்தான் ரம்ஜான் மாதத்தில் அத்தை நோன்பு வைத்தாள். எனக்கு மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அவள் பட்டினியாக எதிரே உட்கார்ந்திருக்க, எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயமாக இருந்தது. அதனால் ஒருநாள் நானும் நோன்பு வைத்தேன். காலைச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன்.

மத்தியானத்துக்குள் வகுப்பில் மயங்கி விழுந்தேன். டீச்சர் தண்ணீரை வாயருகே கொண்டுவந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "வேணாங்க டீச்சர். பாங்கு சொன்னாத்தான் குடிக்கணும். எங்க அத்தையும் அப்பிடித்தான் இருக்கறாங்க."

அன்று சாயங்காலம் அப்பா முருகன் அட்டையைப் பிரித்தார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "போறதுன்னா போ. போனா மறுபடி இந்த வாசல மிதிக்காத" என்றார். அம்மா ஒரு வாரம் கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் துணிகளை மடித்து ஒரு பச்சைப் பையில் வைத்தாள். அப்புறம் என்னை உட்கார வைத்துத் தலை பின்னினாள்.

"நான் போனா நீ இருந்துக்குவியாடி கண்ணு?"

"மாட்டேன். சோறு திங்க மாட்டேன். கெணத்துல உழுந்துருவேன்."

பத்து வயதில் என்னிடம் இருந்த பெரிய வார்த்தை அதுதான். அத்தையின் கை பின்னலில் அப்படியே நின்றது. பிறகு ரிப்பனை வைத்துக் கட்டினாள். பையிலிருந்த துணிகள் ஒவ்வொன்றாகக் கொடிக்குத் திரும்பின.

அன்று மத்தியானம் அம்மா அவள் தட்டில் களி உருண்டையை வைத்தாள். அத்தை அதைப் பிட்டுச் சாப்பிட்டாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்து இரண்டு உருண்டை சாப்பிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன்பிறகு அவள் கடத்தூருக்குப் போகவில்லை. சாயங்காலங்களில் வெறுமனே மேற்கே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புவாள்.

எட்டாம் வகுப்பு முடித்து நான் தருமபுரி ஹாஸ்டலில் சேர்ந்தபோது, அதே பச்சைப் பையில் என் துணிகளை அத்தைதான் மடித்து வைத்தாள். பஸ் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டும் வந்தாள். நான் போனால் அவள் இருந்துகொள்வாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்றுதான் பார்த்தேன்.