ஓட்டையக்காவின் வேட்டை வண்டி

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஜானட் உள்ளேயே நின்றுகொள்கிறார். நாற்பதடி கண்டெய்னர். இரும்புக் கதவுகள் இரண்டும் மோதி, வெளியே நீளக் கம்பிகள் கொண்டியில் விழுந்ததும் இருட்டு அவரை முழுசாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நிமிஷம் அசைய மாட்டார். கண் பழக வேண்டும். பழகியதும் தலைக்கு மேலே ஒன்று, வலது மூலையில் இரண்டு என்று வெளிச்சப் புள்ளிகள் முளைக்கத் தொடங்கும். காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போடுவார். பிறகு கதவைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஓட்டை இருக்கிறது, வெல்டிங் ஆளைக் கூப்பிடு. இரண்டு தட்டு என்றால் பெட்டி பாஸ், கப்பலேறலாம்.

திருவொற்றியூரில் கண்டெய்னர்களைப் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. சம்பளச் சீட்டில் ஆய்வு உதவியாளர். மற்றபடி எல்லோருக்கும் ஓட்டையக்கா. அதில் அவருக்கு வருத்தமில்லை. “எங்கியோ ஆப்பிரிக்காவுல ஒருத்தன் நனையாத அரிசி துன்றான்னா அது என் கண்ணு. பேரு இன்னாவா இருந்தா இன்னா?”

வெளிச்சம் நுழையும் இடத்தில் தண்ணீரும் நுழையும் என்பது யார்டின் சட்டம். யார்டைவிட்டு வெளியே வந்த பிறகும் ஜானட் அதை மீறுவதில்லை. பக்கெட் வாங்கப் போனால் தலையில் கவிழ்த்துக்கொண்டு சூரியனைப் பார்ப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் முதலில் பார்ப்பது கூரைத் துணியைத்தான். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் தலைகுனியும்போது அவர் மட்டும் அண்ணாந்து பார்ப்பார். அப்போதும் காதில் சாக்பீஸ் இருக்கும். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், “ஃபாதர், மூணாவது ஃபேனுக்கு மேல வெளிச்சம் வருது,” என்பார். புதிதாக வந்த சாமியார் முதல் தடவை அதை ஏதோ தெய்வ தரிசனம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இத்தனை நிதானமான மனுஷிக்கு ஒரே ஒரு வெறி உண்டு. கொடுவா மீன்.

கணவர் சுப்புராஜ் டிரெய்லர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு தடவை நண்பர் ரவிக்குமாரின் ஜீப்பில் தூண்டில்களோடு கிளம்பி, அத்திப்பட்டைத் தாண்டி உப்பங்கழிக் கரைக்குப் போய்விடுவார். இரண்டு நாள் அங்கேயே தங்கல். அவர்கள் பேச்சில் அது மீன் பிடிப்பதல்ல, வேட்டை. ஜானட் மூன்று தடவை கூடப் போயிருக்கிறார். மூன்று தடவையும் நாலு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பிவிட்டார்.

கொடுவா கடிப்பது பொழுது சாயும்போது, நீர் ஏறும் நேரத்தில். ஆண்கள் புதர் ஓரம் ஒதுங்கிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள். ஜானட் எங்கே ஒதுங்குவது? காலையிலிருந்து வாயில் தண்ணீர் படாமல் இருந்து பார்த்தார். நாலு மணிக்கு மேல் முடியாது. அவர் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் போனில் படம் வரும்: சுப்புராஜ், பல்லெல்லாம் தெரிய, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்.

“அந்த மீனு என் பஸ்ஸு போறத பாத்துகினுதான் கரைக்கு வருது,” என்று யார்டு மேஸ்திரி சௌக்கத் அலியிடம் ஜானட் சொல்வார்.

யார்டின் பின்பக்கம் இரண்டு சக்கர இழுவை வண்டி ஒன்று கிடந்தது. பத்தடி நீளம், நாலு பக்கமும் மூடிய தகரப் பெட்டி. ஏதோ மிக்ஸி கம்பெனி ஊரூராக விளம்பரத்துக்கு இழுத்துப்போனது. பக்கவாட்டில் ஒரு பெண் மிக்ஸியை அணைத்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். வெயிலில் மிக்ஸி அழிந்துபோய் அணைப்பும் சிரிப்பும் மட்டும் மிச்சம்.

“பாய், இது யாருக்குனா வேணுமா?”

“எலிங்களுக்குத்தான்கா.”

“அப்ப எலிங்களாண்ட நான் பேசிக்கிறேன்.”

முதலில் அவர் வாங்கியது ஒரு உள்தாழ்ப்பாள். பித்தளை, நாலங்குலம். அதற்குப் பிறகுதான் அதை மாட்ட ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு மூலை, மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கக்கூஸ். வண்டியில் மற்றதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளைச் சுற்றித்தான் முளைத்தது. கழித்துப்போட்ட கண்டெய்னர் பலகையில் தரை. சங்கிலியில் தொங்கும் இரண்டு படுக்கைகள், பகலில் மடக்கிச் சுவரோடு சாத்திவிடலாம். கூரையில் பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகக் கட்டித் தூண்டில் கம்புகளுக்கு இடம். மூன்று மாதம், வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம்.

கடைசியாக வழக்கமான சோதனை. கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே நின்றார். பதினொரு இடத்தில் வெளிச்சம் வந்தது. பதினொரு வட்டம். அவற்றில் நாலு, மேல் ஓரத்தில் சல்லடை போல இருந்த தகடுகள். வெல்டிங் ஆள் அவற்றையும் சேர்த்து அடைத்தார். அந்தச் சாக்பீஸ் வட்டத்தை யார்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

“செரிமே,” என்றார் சுப்புராஜ், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு. “ஒரு தபா இட்டுகினு போறேன். அங்க போய் இது பேஜாரு பண்ணிச்சுன்னா அப்பறம் வேட்டைன்ற பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா?”

“எடுக்கல. வுடு.”

கிளம்ப வேண்டியது ஞாயிறு விடியற்காலை. முந்தின நாள் மத்தியானம் யார்டில் ஒத்திகை. ரவிக்குமாரும் வந்திருந்தார். சௌக்கத் அலியையும் சேர்த்து நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டார்கள். வெளியே யார்டு ஆட்கள் லாரி கழுவும் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். கூரைமேல் ஐப்பசி மழை மாதிரி சத்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஜானட்டின் முகத்தில் கப்பலேறிய பெட்டியின் பெருமிதம். டீ போடுவதற்குச் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார்.

முதலில் ரவிக்குமார்தான் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார். “அண்ணி, ஒழுவுது.”

“எங்க ஒழுவுது? காட்டு!” ஜானட் சாக்பீஸோடு எழுந்துவிட்டார்.

இன்னொரு சொட்டு. பிறகு சௌக்கத் அலியின் மூக்கில் ஒன்று. சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. வெளியிலிருந்து வந்த தண்ணீர் இல்லை அது. நாலு பேரின் மூச்சும் டீயின் ஆவியும் கூரையில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகிக் கொஞ்சம் குன்றியது. சௌக்கத் அலி அதைப் பார்த்தார். அடுப்பை அணைத்துக் கதவை ஒரே உதையில் திறந்தார்.

நாலு பேரும் வெயிலில் நின்று இருமினார்கள். சுப்புராஜின் சட்டையைப் பிழிந்தால் ஒரு லோட்டா தேறும்.

“வேட்டைக்குப் போறமா, இட்லியா வேவப் போறமா?” என்றார் அவர். “சொன்னா கேக்க மாட்ட. நாளைக்கு நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம். நீ பூசைக்குப் போ.”

சௌக்கத் அலி பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“அக்கா, இதுல காத்து போற சல்லடையெல்லாம் எங்க?”

“அடைச்சிட்டேன்.”

“ஏன்கா?”

“வெளிச்சம் வந்துச்சு, பாய்.”

சௌக்கத் அலி சிரிக்கவில்லை. “கண்டெய்னருக்குள்ள சாமானு போவும்கா. இதுல மனுஷன் போறான். மேல நாலு, கீழ நாலு, எட்டு ஓட்டை போடணும். அடுப்பு எப்பவும் வெளியதான். வெல்டிங்காரனக் கூப்புடறேன், அரை மணி வேல.”

“வாணாம் பாய். கதவச் சாத்து.”

“மறுபடியுமா!”

“சாத்துன்றேன்.”

உள்ளே போய் நின்றார். இரண்டு நிமிஷம். ஒரு புள்ளிகூட இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான இருட்டை அவர் பார்த்ததில்லை. அதைக் கெடுக்கக் கை வரவில்லை. கழிக்காற்று எந்தப் பக்கம் வரும், சாரல் எப்படிச் சாய்ந்து அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் உள்ளே வரும் வழிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவருக்குக் காற்றின் வழி தெரியாமலா இருக்கும்? இருட்டில் சுவரைத் தடவித் தடவி, ஒன்றுமில்லாத தகரத்தின்மேல் முதல் வட்டத்தைப் போட்டார். பிறகு இன்னும் ஏழு.

ஒரு தட்டு.

துளை போடும் மெஷினையும் அவரே பிடித்தார். முதல் ஓட்டையில் கண்ணை மூடிக்கொண்டதால் அது கொஞ்சம் கோணல். எலுமிச்சம்பழம் அளவுக்கு வெயில் உள்ளே வந்து கக்கூஸ் கதவின்மேல் உட்கார்ந்தது. மூன்றாவது ஓட்டையின்போது சுப்புராஜ் வந்து, காலில் சிக்காமல் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “கோணலாக் கீது பாரு,” என்றார். “உன் மூஞ்சி,” என்றார் ஜானட். எட்டுக்கும் வெளியே தகரத்தில் சின்னக் குல்லா, உள்ளே கொசுவலை. நாலு பேரும் மறுபடி கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்தார்கள். குழாய்த் தண்ணீர் குல்லாவில் சறுக்கிப் போயிற்று. ரவிக்குமார் தூங்கியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உப்பங்கழிக் கரையில், ரவிக்குமாரின் மச்சானுடைய இறால் குட்டை ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். அனல் மின் நிலையப் புகை அண்ணாந்து பார்த்தால்தான் தெரிந்தது. பதினொரு மணிக்குள் ஜானட் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். பிறகு எழுந்து வண்டிக்குள் போனார். பித்தளைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் ரவிக்குமார் தன் தூண்டில் மிதவையை, வாழ்நாளில் மிதவையே பார்த்திராதவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நீர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. சுப்புராஜ் பழக்கதோஷத்தில் ஜானட்டின் பையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஜானட் ஒரு கையால் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காதிலிருந்த சாக்பீஸை எடுத்தார். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“உள்ள மாட்டுய்யா,” என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.