பதினோரு அடுக்குப் பாவாடை

எனக்கு அந்தப் பாவாடை மேல் பைத்தியம் பிடித்தது ஒரு பிஸ்கட் டப்பாவால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை நாட்டியக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு ஆட வராது. இடுப்பு ஒரு பக்கம் போனால் கால் இன்னொரு பக்கம் போகும். நான் ஆசைப்பட்டது ஆட்டத்துக்கு இல்லை, அந்தத் துணிக்கு.

உலகச் சண்டைக்கு முந்தி, முப்பதுகளின் கடைசியில், நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். அப்பா இஞ்சின் ஷெட்டில் கரி அள்ளினார். முகையூர்க்காரியான அம்மா கன்னியர் மடத்தில் துணி வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். சாயங்காலம் ஒருத்தர் கறுப்பாய் வீட்டுக்கு வருவார், ஒருத்தி வெள்ளையாய் வருவாள். கிணற்றடிக்குப் போய் ரெண்டு தரம் தேய்த்துக் குளிக்காமல் அப்பா அம்மாவின் பக்கத்தில் உட்காரக்கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

மடத்துக் கன்னியம்மாக்கள் தலையில் வைக்கிற வெள்ளைத்துணி ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்து நிற்க வேண்டும். அடைமழையிலும் நிற்க வேண்டும். அம்மா கஞ்சி போட்டால் நிற்கும். அரிசிக் கஞ்சியை எந்தப் பதத்தில் இறக்குவது, நீலம் எத்தனை சொட்டு, இஸ்திரிப் பெட்டியில் எவ்வளவு அனல் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை யாருக்கும் சொல்ல மாட்டாள். "நான் கஞ்சி போட்ட துணி, நான் சொன்னாதான் உக்காரும்" என்பாள். கர்வமா என்று கேட்டால், அப்படி ஒரு கர்வம்!

அந்த மடத்திலிருந்து ஊசி நூல் போட்டுவைக்க ஒரு காலி பிஸ்கட் டப்பா கொண்டுவந்தாள். மூடியில் ஒரு வெள்ளைக்காரி ஒற்றைக் கால் விரலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இடுப்பைச் சுற்றிப் பாவாடை கீழே தொங்காமல், சோற்றுத் தட்டு மாதிரி நாலு பக்கமும் மட்டமாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. துணி எப்படி அப்படி நிற்கும்?

திண்டிவனத்திலிருந்து வந்த தாய்மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சுக்காரன் பண்ண கோளாறு. குடையை வரையப் போய் பாவாடையை வரைஞ்சுட்டான்" என்றார். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "துணியாவது கிணியாவது! தகரத்துக்கு வெள்ளை அடிச்சிருக்கான். நான் போடுற கஞ்சிக்கே அப்படி நிக்காது." அவள் கஞ்சிக்கு நிற்காதது உலகத்தில் எந்தக் கஞ்சிக்கும் நிற்காது என்பது அவள் கட்சி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மடத்தில் ஒரு சின்னக் கன்னியம்மாவிடம் மூடியைக் காட்டிக் கேட்டேன். அதற்குப் பேர் டூட்டூ, நிஜத் துணிதான் என்று சொல்லிவிட்டு, சொன்ன பாவத்துக்கு உடனே சிலுவை போட்டுக்கொண்டார். அது போதுமே எனக்கு. வீட்டில் இருந்த கிழிந்த கொசுவலையை எடுத்தேன். அரிசிக் கஞ்சி அம்மாவின் பொறுப்பில் இருந்ததால் கேப்பைக் கூழைக் கரைத்து அதில் முக்கி வேலியில் காயப்போட்டேன். காய்ந்து நின்றதென்னவோ வாஸ்தவம், ஆனால் வறட்டி நிறத்தில் நின்றது. நான் போய்ப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டு ஆடு பாதியைத் தின்றுவிட்டது. அம்மா மீதியைச் சுருட்டி அதாலேயே என்னை அடித்தாள்.

"இனிமே ஆட்டம் கீட்டம்னு காலைத் தூக்கின, இஸ்திரிப் பெட்டியால சூடு வெச்சுடுவேன், ஆமா!"

"நான் எங்கே ஆடினேன்? துணியைத்தானே நனைச்சேன்?"

"வாய் பேசாதடீ!"

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மடத்துப் பெரிய மதரம்மா அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சைகோனுக்குப் போகிற கப்பலில் ஒரு வெள்ளைக்கார ஆட்டக் கோஷ்டி வந்து புதுச்சேரியில் இறங்கியிருக்கிறதாம். அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு மத்தியானம் ஆடிக் காட்டப் போகிறார்களாம். ஆனால் கப்பல் ஈரத்தில் அவர்கள் பாவாடையெல்லாம் வெந்த கீரை மாதிரித் துவண்டுவிட்டதாம். கஞ்சி போடத் தெரிந்த கை ஒன்று வேண்டுமென்று புதுச்சேரி மடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சொன்னதும் நான் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். முடியாது என்று உதறினாள். ரெண்டு வேளை சாப்பிடாமல் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மூன்றாவது வேளை அப்பா வேண்டுமென்றே என் தலைமாட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்தார். தோற்றுப்போனேன். ஆனால் வாய் நிறைய மல்லாட்டையோடு நான் அழுததைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வந்து தொலை. ஆனா துணியைப் பாரு, காலைப் பாக்காத. மாதா மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

காலை ரயிலில் போனோம். அம்மா மடியில் அவளுடைய பித்தளை இஸ்திரிப் பெட்டி. புதுச்சேரியில் இஸ்திரிப் பெட்டியே கிடையாதா என்று கேட்ட ஒருத்தரை அவள் முறைத்த முறைப்பில் மனுஷன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையில் பன்னிரண்டு பாவாடைகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். அம்மா ஒன்றைத் தூக்கினாள். வலைத்துணி. ஒன்றுக்குக் கீழே ஒன்றாய் அடுக்கு அடுக்காய்த் தைத்து, மேலே போகப்போக அகலம் கூடியிருந்தது. ஒவ்வொன்றாய்த் தூக்கி எண்ணினாள். பதினொன்று. தையலைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள்.

"எவளோ கைக்காரி தெச்சிருக்கா" என்றாள் கடைசியில்.

"தகரம் இல்லையேம்மா?" என்றேன்.

"மூடு வாயை. போய்க் கரி ஊது."

லேசாகப் போட்டால் போதும் என்று ஒரு கன்னியம்மா வந்து சைகையில் சொன்னார். அம்மாவுக்கு லேசு என்றால் என்னவென்றே தெரியாது. தலைத்துணிக்குப் போடுகிற முழுக் கஞ்சியைப் போட்டாள். அதற்குமேல், விழுப்புரத்து மானம் போகக்கூடாதென்று, இன்னொரு கை கூடவும் போட்டாள். காய்ந்து இஸ்திரி போட்டு முடித்தபோது பாவாடைகள் சுவரில் சாய்த்த வண்டிச்சக்கரம் மாதிரி தாமாகவே நின்றன. ஒன்றை மட்டும் கப்பல் எலி ஓரத்தில் கடித்திருந்ததால் தனியாய் ஒதுக்கிவைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அநாதைப் பிள்ளைகளோடு என்னையும் முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கும் ஓர் இடம் சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் நடுநடுவே மடங்குகிற ஓரங்களைத் தேய்த்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று அவளை அறையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். "எனக்கு என்னா, காலைத் தூக்கிக்கினு ஆடுறதைப் பாக்கவா வந்தேன்" என்று தோளைக் குலுக்கிவிட்டுக் கரியைக் கிளறப் போனாள்.

திரை விலகியது. அவள் வந்தாள், டப்பா மூடியில் இருந்த மாதிரியே ஒற்றைக் கால் விரலில். அந்தப் பாவாடை, யேசுவே, அப்படியே மட்டமாய் நின்றது! நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்துப் பிள்ளை என்னைக் கிள்ளியது. அவள் சுற்ற ஆரம்பித்ததும்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. பியானோ சத்தத்துக்கு மேலே எங்கள் அம்மாவின் கஞ்சி கேட்டது. சரக், சரக், சரக். காய்ந்த பனையோலைக்குள் கோழி புகுந்த மாதிரி. தொப்பிக்காரத் துரைசானிகள் எங்கிருந்து வருகிறது என்று மேலே கூரையைப் பார்த்தார்கள். அவளைத் தூக்க வேண்டிய ஆள் கிட்டே வந்தான். பாவாடை விளிம்பு மூக்கில் இடித்தது. இந்தப் பக்கம் வந்தான், அங்கேயும் இடித்தது. கடைசியில் உறியிலிருந்து பானையை இறக்குகிறவன் மாதிரி கையை நீட்டித் தூரத்திலிருந்தே தூக்கினான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டே ஆடினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மா போட்ட கஞ்சி" என்று பாயில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். சத்தியம்? அதெல்லாம் எப்போதோ போச்சு. காலைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். மாதா மன்னிக்கட்டும்.

முடிந்ததும் ஆடின வெள்ளைக்காரி அறைக்கு வந்து தன் பாவாடையைக் கதவு தட்டுகிற மாதிரி விரலால் டொக் டொக்கென்று தட்டிக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் தன்னைப் பாராட்டுகிறாள் என்றே அம்மா நினைத்து, "கொஞ்சம் கூடப் போட்டுட்டேங்க" என்று நெளிந்தாள். நான் எலி கடித்த பாவாடையை விட்டு நகராமல் நிற்பதை அந்த வெள்ளைக்காரி கவனித்திருக்க வேண்டும். அதை எடுத்து, என் பாவாடைக்கு மேலே சுற்றிக் கட்டி, கன்னத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கே எனக்கு! அழுகை வந்துவிட்டது.

மூட்டையில் வைத்தால் நசுங்கிவிடும் என்று அதை அவிழ்க்காமலே ரயிலேறினேன். உட்கார முடியாது. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் சீமை, விழுப்புரம் இங்கிலீஷ்காரன் சீமை. நடுவில் எல்லை ஸ்டேஷனில் எல்லாரையும் இறக்கிச் சுங்கச் சோதனை போடுவார்கள். புதுச்சேரியில் துணி மலிவு. அதனால் போகும்போது ஒல்லியாய்ப் போகிற பெண்கள் திரும்பும்போது நாலு புடவையை ஒன்றுமேல் ஒன்றாய்ச் சுற்றிக்கொண்டு பூசணிக்காய் போல வருவார்கள். இதெல்லாம் கண்டு கண்டு அலுத்துப்போன ஒரு சோதனைக்காரம்மா அங்கே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. குனிந்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... அடிப்பாவி, பதினொண்ணு! ஏம்மா, நாலு சுத்திக்கினு வர்றவளைப் பாத்திருக்கேன், அஞ்சு சுத்தினவளைப் பாத்திருக்கேன். பச்சைப் புள்ள இடுப்புல பதினொண்ணு சுத்தினவ நீ ஒருத்திதான்! ஐயா, இங்க வாங்க!"

சுங்கத்து ஐயா வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வலைத்துணி. சரக்குதான். தையலைப் பிரிச்சு எடுத்து வை" என்றார். சோதனைக்காரம்மா கத்திரிக்கோலை எடுத்தாள். நான் போட்ட கூச்சல் ஷெட்டில் இருக்கிற அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

அம்மா முன்னால் வந்து நின்றாள். "பிரிச்சாதாங்க அது சரக்கு. பிரிக்காட்டி பாவாடைங்க."

"எந்த ஊருல இதைப் பாவாடைன்னு கட்டுறாங்க? இதைக் கட்டிக்கினு உக்கார முடியுமா?"

"முடியாதுங்க."

"படுக்க?"

"முடியாதுங்க."

"அப்புறம் என்னாதான் முடியும்?"

"ஆடலாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ஆடச் சொல்லு. ஆடினா பாவாடை, ஆடாட்டி சரக்கு. ஜல்தி, ரயிலு நிக்குது பாரு."

ஆடவே தெரியாதவள் நான். ஆடினால் சூடு வைப்பேன் என்றவளோ எதிரே நிற்கிறாள். ரயில் சன்னல் முழுக்கத் தலைகள். புதுச்சேரியில் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்த நாலைந்து பேர் ஏற்கெனவே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கரி கொட்டின இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூடியைத் தட்ட ஆரம்பித்தாள். டங், டங், டங்.

"ஆடுடீ!"

கால் விரலில் எழும்பினேன். சரளைக்கல் குத்தியது. ஒரு சுற்றுச் சுற்றினேன், விழுந்தேன். எழுந்தேன். பாவாடை மட்டும் சரக் சரக்கென்று மட்டமாய் நின்றது. "அப்படிப் போடு!" என்றது ரயில். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினேன்.

"தூக்குடீ காலை! இன்னும் மேல தூக்கு!" என்று கத்தியது யார் தெரியுமா? எங்கம்மாதான். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் வேர்த்து, கண்ணை என்மேலிருந்து எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் விழுந்தேன். முழங்காலில் ரத்தம். அப்படியும் எழுந்து ரெண்டு கையையும் தலைக்குமேல் வளைத்து, டப்பா மூடியில் இருக்கிற மாதிரி ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒற்றைக் காலில் நின்றுவிட்டேன்.

சுங்கத்து ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவாடைதான், பாவாடைதான். பேஜாரு புடிச்ச பாவாடை. ஏறுங்க, ஏறுங்க!"

ரயில் கிளம்பியதும் அம்மா முந்தானையை எச்சில் தொட்டு என் முழங்காலைத் துடைத்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வெள்ளைக்காரம்மாவும் இப்படித்தான் ஆடுச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து கஞ்சி காய்ச்சி, பன்னிரண்டு பாவாடையையும் நிற்க வைத்தவள் அவள். ஆட்டத்தை அவள் பார்க்கவே இல்லை. திரைக்குப் பின்னால் கரிப்புகையில் நின்றுகொண்டு, தான் போட்ட கஞ்சியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ரெண்டு தரம் விழுந்தவள், கூசாமல் சொன்னேன்.

"இதே மாதிரிதாம்மா. இம்மிகூட மாறல."

"அப்போ சரி, நானும் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.